வடக்கைக் கட்டியெழுப்ப பவானிசாகர்ப் பிள்ளைகளையும் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போருக்குப் பிந்தைய இலங்கையைக் கட்டியெழுப்புவதில் இளைஞர்களின் பங்கு குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு இளைஞர்களைப் பற்றி அக்கறையோடு எழுதியவர், எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பவானிசாகர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதது எனக்குக் குறையாகப் பட்டது.

சென்ற ஐப்பசி மழை ஓய்ந்ததும் என் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க அம்முகாமிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். சுவரில் ஈரம் ஊறியிருந்ததைக் கண்டவர், பிரஷ்ஷைத் தொடாமல் நேரே மொட்டை மாடிக்கு ஏறி, ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு, அது எந்தப் பக்கம் ஓடுகிறதென்று குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தார். "வாட்டம் தப்பா இருக்குங்க ஐயா, இதைச் சரிபண்ணாம அடிச்சா ரெண்டு மழைக்குத் தாங்காது" என்றார். விசாரித்தபோதுதான் அவர் சிவில் டிப்ளமோ முடித்தவர் என்று தெரிந்தது. தாயார் 1990இல் மன்னாரிலிருந்து படகேறி வந்தவர். இவர் முகாமிலேயே பிறந்தவர். வாட்டத்தைச் சரிசெய்து கொடுத்தும், பெயிண்டர் கூலிக்கு மேல் அவர் கேட்கவில்லை.

18 முதல் 29 வயது வரையுள்ளோரை அமைதி முயற்சிகளின் முடிவுகளில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2015 டிசம்பரில் 2250ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. இலங்கைக்கு இது புதிய பாடமும் அல்ல. தெற்கில் சிங்கள இளைஞர்களின் ஆயுதக் கிளர்ச்சி அடக்கப்பட்ட பின், அதன் காரணங்களை ஆராய்ந்த இளைஞர் ஆணைக்குழு 1990இல் அறிக்கை அளித்தது. உள்ளூராட்சித் தேர்தல் வேட்பாளர் பட்டியலில் இளைஞர்களுக்கு 40 விழுக்காடு ஒதுக்கும் ஏற்பாடும் அக்காலத்தில் வந்தது. ஆனால் பட்டியலில் பெயர் இருப்பது வேறு, பணம் எதற்குச் செலவாக வேண்டும் என்று முடிவெடுக்கும் இடத்தில் உட்கார்வது வேறு. 2013இல் தேர்ந்தெடுக்கப்பட்ட வடக்கு மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்து, தேர்தலே நடக்காமல் ஆண்டுகள் ஓடிய நிலையில், பயிலரங்கு நடத்திச் சான்றிதழ் கொடுத்துக் குழுப்படம் எடுப்பதை இளைஞர் தலைமை என்று சொல்வது எனக்கு ஒப்புதலாக இல்லை.

முகாம் பிள்ளைகளின் சிக்கலோ இன்னும் ஒரு படி பின்னால் தொடங்குகிறது. 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமக்களாக இருந்தால்தான் பிறப்புவழிக் குடியுரிமை உண்டு. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டமோ பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது. இலங்கைக் குடியுரிமைக்கும் பிறப்பைத் தூதரகம் வழியாகப் பதிந்தாக வேண்டும். 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியதை நான் வரவேற்றவன்; பெயர்ப்பலகை மாறிய அளவுக்குத் தாள்கள் மாறவில்லை.

யாரையும் கட்டாயப்படுத்தித் திருப்பியனுப்பச் சொல்லவில்லை. இங்கேயே இருக்க விரும்புவோருக்குக் குடியுரிமை கொடுப்பதுதான் நியாயம். ஆனால் திரும்ப விரும்பும் இளைஞர்களுக்குப் பிறப்புப் பதிவை முகாமுக்கே வந்து முடித்துத் தரவும், இங்கு பெற்ற பட்டயங்கள் அங்கே செல்லுபடியாகவும், சொந்த ஊரில் வீடும் குளமும் எங்கே எப்படி அமைய வேண்டும் என்ற பேச்சில் அவர்களுக்கு இடம் கிடைக்கவும் இரு அரசுகளும் ஏற்பாடு செய்யலாம். ஒருநாள் ஊர் திரும்பிக் கட்டியெழுப்ப வேண்டும் என்ற எண்ணத்தில், 1984இலேயே ஈழத் தமிழர் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரஹாசன் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார். படித்தவர்கள் இன்று பெயிண்ட் வாளியோடு பேருந்துக்கு நிற்கிறார்கள்.

தங்கள் செய்தியாளரை ஒருமுறை பவானிசாகருக்கு அனுப்பக் கோருகிறேன். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து அனுப்புங்கள். மற்ற நாள்களில் அந்தப் பிள்ளைகள் விடிந்ததும் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
புன்செய்ப் புளியம்பட்டி, ஈரோடு மாவட்டம்.