ஊருணியில் பம்பைக் கழுவ விடாதீர்கள்: மருந்து தெளிப்புக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கும் மாவட்ட மலேரியா அலுவலர் அவர்களுக்கும்,

வணக்கம்.

மலேரியாக் கொசுவுக்காக வீட்டுச் சுவர்களில் அடிக்கும் மருந்தின் முதல் சுற்று முடிந்து, கடலோர ஊர் ஒன்றின் ஊருணியில் பம்பும் வாளியும் கழுவப்பட்ட கையோடு அதில் மீன் செத்து மிதந்தது உங்களுக்குத் தெரியாத செய்தி அல்ல. ஊராட்சியின் மனு உங்கள் மேசைக்கு வந்தது. "கோடை வெப்பத்தால் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் இறந்திருக்கக்கூடும்" என்று இரண்டு வரியில் பதிலும் போனது. நடந்ததைத் திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. அந்த இரண்டு வரியைப் பற்றியும், அடுத்த சுற்று தொடங்குமுன் நீங்கள் செய்து தர வேண்டிய ஒன்றைப் பற்றியும்தான் இந்த மடல்.

கேட்பது இவ்வளவுதான்: பம்பும் வாளியும் கழுவுவதற்கென்று ஓர் இடம் தயாராகாமல் எந்த ஊரிலும் முதல் வீட்டுச் சுவரில் மருந்து படக்கூடாது.

ஆக்சிஜன் கதைக்கு வருவோம். ஆக்சிஜன் குறைந்து சாகும் மீன் விடியற்காலையில் சாகும். மேலே வந்து வாயைப் பிளந்து தத்தளிக்கும். பெரிய மீன்தான் முதலில் போகும், பொடி மீன் தாக்குப்பிடிக்கும். பூச்சிமருந்தில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழ்: பொடி மீனும் கூனி இறாலும் முதலில் சாகும், கூடவே நீர்ப்பூச்சிகளும் ஒதுங்கும். கரையில் ஒதுங்கியது எது என்று பார்க்க ஓர் ஆள் போயிருந்தால் போதும், பாதி விடை அங்கேயே கிடைத்திருக்கும். மூன்று நாள் கழித்து வந்தவர் காலி மினரல் வாட்டர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போனதாகக் கேள்வி. வீடுகளுக்கு அடிக்கிற டெல்டாமெத்ரின் மருந்து பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும் சரக்கு. கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து, வெயில் படாமல் ஐஸில் வைத்து, தாமதிக்காமல் ஆய்வகம் சேர்த்திருக்க வேண்டும். தண்ணீரோடு அடிச்சேறும் ஒரு கை அள்ளியிருக்க வேண்டும், ஏனென்றால் இந்த மருந்து நேரம் போகப்போக நீரை விட்டுச் சேற்றில்தான் தங்கும். பிளாஸ்டிக் பாட்டிலில் எடுத்த மாதிரியில் "எதுவும் கண்டறியப்படவில்லை" என்று வந்தால் அது எதை நிரூபிக்கும் என்பதை உங்கள் பூச்சியியல் வல்லுநரிடமே கேளுங்கள்.

கணக்கு ஒன்றும் கடினமல்ல. 2.5 சதவீத டெல்டாமெத்ரின் பவுடர் 400 கிராமை 10 லிட்டர் தண்ணீரில் கரைக்கிறோம். அதில் அசல் மருந்து 10 கிராம். 500 சதுர மீட்டர் சுவருக்கு அடித்தால் சதுர மீட்டருக்கு 20 மில்லிகிராம், கையேட்டில் உள்ளபடியே. அப்படியானால் வாளியில் மிஞ்சும் ஒரு லிட்டர் கரைசலில் ஒரு கிராம் மருந்து இருக்கிறது. 40 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் தண்ணீர் நிற்கும் ஊருணியில் இருப்பது 10 லட்சம் லிட்டர். அந்த ஒரு லிட்டர் மிச்சம் முழுதும் அதில் கலந்தால், லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் ஆகிறது. பல மீன் வகைகளைக் கொல்ல அதுவே போதும், கூனிக்கு அதில் ஒரு சிறு பங்கே போதும். சேற்றில் ஒட்டி மருந்து அடங்கிவிடும் என்பீர்கள். உண்மைதான், ஆனால் கழுவிய படித்துறைப் பக்கம் அது அடங்குவதற்கு முன்பே வேலை முடிந்துவிடுகிறது. கோடையில் ஊருணி முழங்கால் ஆழத்துக்கு வற்றிக் கிடக்கும்போது கணக்கு இன்னும் மோசம். குடிப்பவரை இந்த அளவு உடனே படுக்க வைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறோம், பீதி கிளப்புவது எங்கள் நோக்கமல்ல. ஆனால் கிணறு பூராவும் உப்பாகிப்போன கடலோரத்தில், ஊருக்கு இருக்கிற ஒரே நல்ல தண்ணீரில் பூச்சிமருந்து வாளி கழுவப்பட்டது என்று தெரிந்த பிறகு எந்தத் தாய் அதில் குடம் முக்குவாள்? அந்த ஊரில் இப்போது வண்டித் தண்ணீரைக் குடம் இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்குகிறார்கள். மலேரியாத் தடுப்புக்கு அந்தக் குடும்பங்கள் தரும் வரி என்று வைத்துக்கொள்ளலாமா?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று கம்பூசியா, கப்பி மீன்களைக் கொண்டுவந்து கிணற்றிலும் குட்டையிலும் விடுவது உங்கள் துறையேதான். அதற்குத் தனிப் பதிவேடு, தனிப் படிவம். அதே துறையின் வாளி கழுவிய தண்ணீரில் அந்த மீன் செத்தால் எந்தப் படிவத்தில் ஏற்றுவது? மீன் போன குட்டையில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் கொசுவின் புழு மறுபடி தழைக்கும், அதற்கு அடுத்த வருடம் இன்னொரு சுற்று மருந்து கேட்டு மேலே எழுதலாம்.

மருந்து அடிக்கும் கூலியாட்களான மஸ்தூர்கள் மேல் பழி போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். மதியம் வரை பம்பு அடித்த மனிதனுக்கு மருந்து ஒட்டிய உடம்பைக் கழுவ வேண்டும், வாளியைக் கழுவ வேண்டும். தண்ணீர் இருப்பது ஊருணியில். வேறு இடம் காட்டியவர் யார்? அவர்களுக்கு மெமோ கொடுத்து விஷயத்தை முடிப்பது எளிது. அடுத்த சுற்றில் வேறு மஸ்தூர் அதே படித்துறையில் அதே வாளியைக் கழுவுவார்.

எனவே மறுபடியும்: கழுவும் இடம் முதலில், மருந்து பிறகு. அது எப்படி இருக்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறோம், "வழிகாட்டுதல் கிடைக்கப்பெறவில்லை" என்ற பதிலுக்கு இடம் வேண்டாமே.

கிணறு, ஊருணி, ஓடை எதற்கும் 30 மீட்டருக்குள் வராத, மழைத் தண்ணீர் தேங்காத மேட்டு நிலம். அதில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு உறிஞ்சுகுழி. உள்ளே ஜல்லி, மரக்கரி, மரத்தூள் அடுக்கு அடுக்காக. கரியும் தூளும் மருந்தைப் பிடித்து வைக்கும், நாள்போக்கில் மண்ணின் நுண்ணுயிர்கள் டெல்டாமெத்ரினைச் சிதைத்துவிடும். குழியை நோக்கிச் சரிவாக ஒரு சிமெண்ட் தளம். ஆடும் பிள்ளையும் நுழையாதபடி வேலி. இதற்கு உலக வங்கிக் கடன் தேவையில்லை. ஒரு கொத்தனாரும் இரண்டு ஆளும் போதும்.

குழியைவிட முக்கியம், குழிக்குப் போகிற தண்ணீரைக் குறைப்பது. ஆப்பிரிக்க நாடுகளில் தெளிப்புத் திட்டங்கள் நடக்கும் இடங்களில் ஏழு டிரம்மை வரிசையாக வைக்கிறார்கள். இரண்டாவது, நான்காவது, ஆறாவதில் தண்ணீர், மற்றவை காலி. பம்பில் மிஞ்சியது முதல் டிரம்முக்குப் போகும். இரண்டாவதிலிருந்து தண்ணீர் எடுத்துக் குலுக்கி, நாசில் என்ற தெளிப்பு முனை வழியாகவும் விட்டு, மூன்றாவதில் கொட்டுவார்கள். இப்படியே ஏழாவது வரை. மறுநாள் காலை அந்தக் கழுவிய தண்ணீரைக் கொண்டே புது மருந்தைக் கரைக்கிறார்கள். கீழே கொட்டுவதற்கு ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது, மருந்தும் மிச்சம். வாளிக்குள் இறக்கிக் கையால் அடிக்கும் நம் ஸ்டிரப் பம்புக்கு ஏழு டிரம் தேவைப்படாது. வாளியில் சுத்தத் தண்ணீர் வைத்துப் பம்பை இறக்கி, குழாயும் நாசிலும் கழுவிப்போக மூன்று முறை டிரம்முக்குள் அடித்தால் போதும். சுற்றின் கடைசி நாளில் மிஞ்சுவதை மாட்டுக்கொட்டகைச் சுவருக்கு அடித்துத் தீர்க்கலாம், அதற்கும் பிறகான அலசல்தான் குழிக்கு.

பழைய பூச்சிமருந்தான டிடிடி தெளிக்கும் இடங்களில் இந்தக் குழியும் போதாது. டிடிடி மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். அங்கே கசியாத தொட்டியில் விட்டு வெயிலில் ஆவியாக்கி, அடியில் தங்குவதை அபாயக் கழிவாகத்தான் அனுப்ப வேண்டும். டிடிடி போன்ற எளிதில் அழியாத நச்சுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை 2006இல் ஏற்ற நாடு நம்முடையது.

சட்டமும் நாங்கள் கண்டுபிடித்ததல்ல. 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளில் 44ஆவது விதி, கருவி கழுவிய தண்ணீரும் மிச்ச மருந்தும் சுற்றுப்புறத்தையோ நீரையோ கெடுக்காதபடி அகற்றப்பட வேண்டும் என்கிறது. காலிப் பொட்டலமும் டப்பாவும் யாரும் மறுபடி எடுத்துப் புழங்காதபடி உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்கிறது. மருந்து வந்த டிரம்மில் அரிசி கொட்டி வைத்திருக்கும் வீடுகள் உங்கள் மாவட்டத்தில் இல்லை என்று எழுத்தில் தருவீர்களா?

பேச்சு இங்கே வந்ததால் மற்றதையும் சொல்லிவிடுகிறோம். தெளிப்புத் தொடக்க விழாவில் கையுறை, முகக்கவசம், கண்ணாடி, பூட்ஸ் எல்லாம் போட்டு ஒருவர் நிற்கும் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. மிக நேர்த்தியான படம். ஐந்து மஸ்தூரும் ஒரு மேற்பார்வையாளரும் கொண்ட குழுவுக்கு அந்த ஒரே செட்தான் என்பது படத்தில் தெரியவில்லை. மற்றவர்கள் லுங்கியும் துண்டுமாக அடித்தார்கள், நனைந்த துணியோடு வீட்டுக்குப் போனார்கள். அதைத் துவைத்தது யாருடைய மனைவி, எந்தத் தண்ணீரில் என்பதெல்லாம் அறிக்கைக்குள் வராத விவரங்கள். 1976இல் பாகிஸ்தானின் மலேரியாத் திட்டத்தில் சுமார் 7,500 தெளிப்பாளர்களில் 2,800 பேருக்கு விஷம் ஏறியது, 5 பேர் இறந்தார்கள். சேமிப்பில் கெட்டுப்போன மாலத்தியான் மருந்துப் பவுடரில் அதன் நச்சைக் கூட்டும் ஐசோமாலத்தியான் உண்டாகியிருந்தது, வெறும் கையும் நனைந்த சட்டையும் அதை உடம்புக்குள் கொண்டுபோயின. மருந்து மூட்டையைத் தகரக் கொட்டகையில் சித்திரை வெயிலில் போட்டு வைப்பவர்கள் இதை ஒரு முறை படிக்க வேண்டும்.

நாசிலைப் பற்றி ஒரு வார்த்தை. நிமிடத்துக்கு 740 முதல் 850 மில்லிலிட்டர் வரை வர வேண்டும், 850ஐத் தாண்டினால் முனையைத் தூக்கிப் போட வேண்டும் என்பது உங்கள் கையேடு. அளவுக் குவளையும் கைக்கடிகாரமும் இருந்தால் காலையில் ஒரு நிமிட வேலை. தேய்ந்த நாசிலில் மருந்து சுவரில் தங்காமல் வழிந்து தரைக்கு இறங்கும், அதில்தான் குழந்தை தவழும், கோழி மேயும். வாஷர் தேய்ந்தால் பம்பு அடிப்பவரின் முழங்கை வரை ஒழுகும். உதிரி வாஷர் கேட்டால் டெண்டர் முடியவில்லை என்று பதில். கசிவு அடைக்கக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) நூல் மூன்று மீட்டர் என்று கையேட்டுப் பட்டியலிலேயே இருக்கிறது! தெளிப்பாளரின் நுரையீரல் மேல் அவ்வளவு அக்கறை.

பதிவேட்டை ஒழுங்காகப் பார்த்தாலே பல விஷயம் வெளுத்துவிடும். வீட்டுக்குச் சராசரி 150 சதுர மீட்டர் என்று வைத்து 70 வீடு அடித்தால் 10,500 சதுர மீட்டர். அதற்கு 21 வாளிக் கரைசல், 8.4 கிலோ பவுடர். அந்தக் கணக்குக்குக் காலிப் பொட்டலம் திரும்பி வர வேண்டும். பவுடர் குறைந்து, பொட்டலமும் திரும்பாவிட்டால் மருந்து வயலுக்குப் போயிருக்கிறது. பொட்டலம் எல்லாம் திரும்பி, வீட்டு எண்ணிக்கை இடித்தால் அது குப்பைக்குழிக்கோ ஊருணிக்கோ போயிருக்கிறது. மாலையில் இதைக் கூட்டிப் பார்க்க மேற்பார்வையாளருக்குப் பத்து நிமிடம் ஆகுமா?

எங்கேயோ போய்விட்டோம், மன்னிக்கவும். வீட்டுக்குள் மருந்து தெளிப்பதற்கு நாங்கள் எதிரி அல்ல. காய்ச்சல் பரவும் ஊரில் ஒழுங்காக அடித்த சுவர் பத்துப் பன்னிரண்டு வாரம் காக்கும் என்பதை அறிந்தவர்கள்தான். மீன் மிதந்த ஊரில் அடுத்த முறை கதவு திறக்குமா என்பதே எங்கள் கவலை. "எங்கள் வீட்டுக்கு வேண்டாம்" என்று பத்து வீடு சொன்னால், அந்தப் பத்துச் சுவரில் உட்காரும் கொசு மற்ற வீடுகளுக்கும் சேர்த்துத் தொல்லை தரும்.

ஆகவே பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இரண்டாம் சுற்றின் முன்திட்டத்தில் ஊர்ப் பெயருக்கு எதிரே கழுவும் இடத்தின் சர்வே எண்ணையும் எழுதுங்கள். அந்த வரி காலியாக இருக்கும் ஊருக்கு மருந்து மூட்டை கிடங்கை விட்டு வெளியேறக் கூடாது என்று ஓர் உத்தரவு போடுங்கள். திட்டத்தின் நகல் ஒன்றை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டச் செய்யுங்கள். ஊருணியின் நீரையும் சேற்றையும் முறைப்படி எடுத்துப் பரிசோதித்து, முடிவு வரும்வரை அந்த ஊருக்குக் குடிநீர் வண்டியைத் துறைச் செலவில் அனுப்புங்கள். குழி வெட்ட இடம் காட்டவும் டிரம் முறையை மஸ்தூர்களுக்குச் செய்து காட்டவும் கூப்பிட்டால் வருகிறோம், பயணப்படி கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
மலேரியாப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற களப்பணியாளர்கள், சுகாதார ஆய்வாளர்கள், பூச்சியியல் பணியாளர்கள்