பட்டாணியை என்ன செய்யலாம்?

அன்பு யாழினி,

அப்பா எழுதுகிறேன். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே உன் குரல் கம்மிவிடுகிறது, அதற்குள் அம்மா போனை வாங்கி வேறு கதைக்குப் போய்விடுகிறாள். அதனால்தான் எழுத்து. காலிச் சங்கில் குடியிருக்கும் நம் துறவி நண்டு இரண்டில் சுண்டல் செத்த பிறகு, மிஞ்சிய பட்டாணிக்கு நீ மூன்று யோசனை சொல்லியிருக்கிறாய். கடையில் இன்னொரு நண்டு வாங்கித் துணைக்கு விடலாம். உனக்குப் பாடம் சொன்ன டீச்சரின் வகுப்புக்குக் கொடுக்கலாம். மயாமி போகிற உன் சித்தப்பா மகனிடம் கொடுத்து அங்கே கடற்கரையில் விடச் சொல்லலாம். மூன்றுக்கும் நான் தலையாட்டப் போவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் வேண்டும்.

முதலில் அந்தச் சங்கு விஷயம். சுண்டலின் சங்குக்குள் பட்டாணி புகுந்துகொண்டது என்று அம்மா சொன்னதும், "கொன்னு தின்னுடுச்சா?" என்று கேட்டாயாம். இல்லை. தோல் உரித்துவிட்டுப் போட்ட சட்டையோ என்று நானும் முதலில் நினைத்தேன். உரித்த சட்டை என்றால் உள்ளே வெற்றாக இருக்கும், கையில் கனமே தெரியாது, வாடையும் வராது. இது கனத்தது. சங்கிலிருந்து பாதி வெளியே தொங்கியது, மூடியைத் திறந்ததும் அழுகிய மீன் நாற்றம். பட்டாணி அப்போது தொட்டியின் மறுமூலையில் இருந்தது. சுண்டலின் உடம்பில் ஒரு கடி இல்லை. கடையிலிருந்து வரும்போதே வளர்ந்த நண்டு அது. அதன் வயதை யாரும் சொல்ல முடியாது.

உடம்பை ரோஜாச் செடியடியில் புதைத்துவிட்டு, சங்கைக் கொதிநீரில் போட்டெடுத்து ஆறவைத்துத் தொட்டியிலேயே வைத்தேன். விளக்கை அணைத்த பிறகுதான் பட்டாணி வந்தது. நீண்ட உணர்கொம்பு இரண்டாலும் சங்கின் வாயைச் சுற்றித் தட்டியது. பிறகு இடது கொடுக்கை, அந்த ஊதாக் கொடுக்கை, மொத்தமாக உள்ளே விட்டு ஆழம் பார்த்தது. சங்கைப் புரட்டி உள்ளே இருந்த மணலைக் கொட்டியது. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் உன் பெரியம்மா ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்ப்பாளே, அந்த நிதானம். நான் பொறுமை இழந்து எழுந்திருக்கப் போன நேரம் பார்த்து, கண் இமைப்பதற்குள் மாறிவிட்டது. அதன் பின்னுடம்பை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஓடே கிடையாது, வெளிறிய சிவப்பு, ஒரு பக்கமாகச் சுருண்டு, பார்க்கவே கூச்சமாக இருந்தது. அப்புறம் பழைய சங்குக்கே ஒரு தடவை திரும்பிப் போய், அது பிடிக்காமல் மறுபடி புதிதற்கு வந்து தங்கிவிட்டது.

இதைக் கல்நெஞ்சம் என்று நினைக்காதே. டார்ட்மத் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் கோஸ்டா ரிகா கடற்கரையில் இதையே சோதித்து 2019இல் எழுதியிருக்கிறார்கள். செத்த துறவி நண்டின் சதைத் துணுக்குகளைக் குழாய்களில் வைத்து மணலில் போட்டால், சில நிமிடங்களில் மற்ற நண்டுகள் கூட்டமாக வந்து மொய்க்கின்றன. தின்பதற்கு இல்லை. ஒருவன் செத்தான் என்றால் ஒரு சங்கு காலி என்று அர்த்தம். கடலில் புதிதாக ஒதுங்கும் சங்கு உள்ளே தடித்து, கனமாக, இடமில்லாமல் இருக்குமாம். தரையில் வாழ்கிற நண்டுகள் தலைமுறை தலைமுறையாக உள்சுவரைக் குடைந்து இடமாக்கி வைத்த பழைய சங்குதான் அவற்றுக்கு வேண்டும். அந்தச் சங்கு இன்னொரு நண்டின் முதுகில்தான் இருக்கும். அதனால்தான் கூட்டமாகத் திரிகின்றன. அந்தக் கோஸ்டா ரிகா நண்டு நம்முடையதுக்குப் பங்காளி இனம்தான், ஆனாலும் சங்கைச் சுற்றி ஓடும் பிழைப்பு இரண்டுக்கும் ஒன்றே.

அப்படியென்றால் பட்டாணிக்குத் தனிமை உண்டா இல்லையா என்று கேட்பாய். நீ படுகிற மாதிரித் துக்கம் அதற்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நூற்றுக்கணக்கில் சேர்ந்து அலைந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தள்ளி, கிரீச்சென்று சத்தம் போட்டுச் சண்டையிட்டு வாழ வேண்டிய பிராணி, ஒரு கண்ணாடித் தொட்டியில் தன் கால் தடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இருப்பது குறைதான். அதை மறுக்கமாட்டேன். அவசரம் இல்லை என்பது மட்டும்தான் என் கட்சி. தனியாக இருப்பதால் அது நாளைக்கே செத்துவிடாது. தோல் உரிக்க மணலுக்குள் போகும் காலத்தில் தனிமை நல்லதும்கூட. உடம்பு மெத்தென்று இருக்கும்போது இன்னொன்று தோண்டி எடுத்துத் தின்றுவிடும் ஆபத்து இல்லை.

சரி, உன் முதல் யோசனை. ஓஷன் சிட்டி போர்டுவாக்கில், அந்தக் கடலோரப் பலகை நடைபாதையில், நாம் இரண்டையும் வாங்கிய கடை உனக்கு நினைவிருக்கும். கூண்டு வாங்கினால் நண்டு இலவசம் என்று பலகை. ஸ்பைடர்மேன் வரைந்த சங்கு வேண்டும் என்று நீ நின்றாய், அம்மா வெள்ளைச் சங்கு போதும் என்றாள். கடலோரம் விற்கிறதே என்று அதற்குப் பட்டாணி, சுண்டல் என்று பேர் வைத்ததும் அவள்தான். அந்த ஆகஸ்டில் மிஸ் கிரஸ்டேஷியன் நண்டு அழகிப் போட்டிக்குப் பட்டாணியைக் கூட்டிப்போக வேண்டுமென்று நீ பிடித்த அடம் வேறு! அந்தக் கடைகளில் இருக்கும் ஒரு நண்டுகூடப் பண்ணையில் பிறந்ததில்லை. தாய் நண்டு முட்டையைக் கடல் நீரில்தான் விடும். குஞ்சுகள் வாரக்கணக்கில் கடலில் மிதந்து, உருவம் மாறி மாறி, அப்புறம்தான் குட்டிச் சங்கு தேடிக் கரையேறும். வீட்டில் அதைச் செய்து காட்டியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே ஒவ்வொன்றும் ஏதோ கரீபியன் கரையில் பொறுக்கியது. பட்டாணியின் துணைக்கு என்று நான் பணம் கொடுத்தால், அங்கே இன்னொரு வாளி நிறைய பொறுக்குவார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒன்று வாங்கி ஜோடி சேர்க்கிறோம் என்று வை. ஜோடியில் ஒன்று முன்னால் போகும், மறுபடி ஒன்று மிஞ்சும். மறுபடி நீ போன் செய்வாய். ஃப்ளோரிடாவில் ஒரு அம்மாளிடம் ஒரு துறவி நண்டு 40 வருஷத்துக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. என் வயதோடு அதைக் கூட்டிப் பார். இந்த வீட்டில் கடைசியாக மிஞ்சுவது நீங்களா நண்டா என்று அம்மா கேட்கிறாள். கேலிக்குத்தான் கேட்கிறாள், ஆனால் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

மயாமி யோசனை பார்க்க நன்றாக இருக்கிறது, கடலும் மணலும் சூடும். ஆனால் இது எந்தத் தீவில் பிடித்தது என்று நமக்குத் தெரியாது. இத்தனை வருஷம் தொட்டியில் இருந்த உடம்பில் என்ன கிருமி இருக்கிறது என்றும் தெரியாது. அதைக் கொண்டுபோய் அங்கே உள்ள கூட்டத்தில் விடுவது நல்ல காரியம் இல்லை. வகுப்பறையோ, வேண்டவே வேண்டாம். முப்பது பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்ப்பார்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளியில் ஹீட்டரைக் குறைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

என் பயமெல்லாம் அந்த ஹீட்டர் விஷயத்தில்தான். அக்டோபர் வந்தாயிற்று, நம் வீட்டில் சூடு போட ஆரம்பித்துவிட்டோம். காற்று எப்படி வறண்டுபோகும் என்று உனக்குத் தெரியும், உதடு வெடிக்கும். நண்டுக்கு நுரையீரல் கிடையாது, செவுள்தான். அது நனைந்திருந்தால்தான் மூச்சு. தொட்டிக்குள் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியும், வெப்பம் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டியும் இருக்க வேண்டும். சூட்டுப் பட்டையைப் பின் கண்ணாடியில், மணல் மட்டத்துக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். அடியில் ஒட்டினால் புதைந்து கிடக்கும் நண்டு வெந்துபோகும். மேலே கம்பி வலைக்குப் பதில் கண்ணாடி மூடி. மணலையும் இன்னும் ஆழமாக்கினேன், சங்கின் உயரத்தைப் போல மூன்று பங்காவது வேண்டும், கையில் பிடித்தால் கொழுக்கட்டை பிடிக்க வருகிற பதம். ஒரு கிண்ணத்தில் குளோரின் நீக்கிய நல்ல தண்ணீர், இன்னொன்றில் மீன் தொட்டிக்காரர்கள் வாங்கும் கடல் உப்பு கரைத்தது. அம்மா தேங்காய்ச் சில்லும் காய்ந்த முருங்கைக்கீரையும் போடுகிறாள். கணவாய் ஓடு ஒரு துண்டு எப்போதும் உள்ளே கிடக்கும். இதெல்லாம் நான் பெருமைக்குச் சொல்லவில்லை. மார்கழியில் நாங்கள் சென்னை போனால் இதையெல்லாம் யார் செய்வது? பக்கத்து வீட்டு மாமி செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். இரண்டு கிண்ணத்துக்கு இரண்டு விதத் தண்ணீர் கலக்கச் சொன்னால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்!

அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறேன். இந்த மார்கழிக்கு அம்மா மட்டும் போய் வரட்டும், நான் இங்கேயே இருக்கிறேன். குளிர்காலத்தில் நண்டை ஊர் மாற்றக் கூடாது. மே மாதம் வெயில் வந்ததும், லேண்ட் ஹெர்மிட் கிராப் ஓனர்ஸ் சொசைட்டி என்று ஒரு சங்கம் இருக்கிறது, வீடு தேவைப்படும் நண்டுகளுக்கு வளர்ப்பவர்களைச் சேர்த்துவைக்கிறார்கள், அவர்கள் மூலம் பெரிய கூட்டமாக வளர்க்கிற யாரிடமாவது பட்டாணியைக் கொடுத்துவிடலாம். பென்சில்வேனியாவில் ஒரு பெண்மணியிடம் பேசியும்விட்டேன். அவர் தொட்டி படங்களை உனக்கு அனுப்புகிறேன். சுவரில் பாதி நீளம், ஏறி இறங்க வலை, ஒரு கூடை நிறைய காலிச் சங்கு. அங்கே இருப்பவை எல்லாம் கடைகளில் வாங்கி அலுத்துப்போனவர்கள் கைவிட்டவை. கோடை முடிந்தால் நியூ ஜெர்சியில் அப்படிக் கைவிடுபவர்களுக்கா பஞ்சம்?

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. நாற்றம் என்று முதலில் மூக்கைப் பொத்தியவள் அவள். இப்போது, பழகின இடத்தைவிட்டுப் பிடுங்கினால் அது தாங்காது, கைவிட்டவற்றில் இரண்டை நாமே கொண்டுவரலாமே என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இடம் மாறிய முதல் சில வாரங்களில் நண்டு சோர்ந்து சாவதும் உண்டு. ஆனால் நம்மிடம் வந்தாலும் அந்த இரண்டுக்கும் அதே இடமாற்றம்தானே? மூன்றாக இருந்தாலும் கடைசியில் ஒன்று மிஞ்சத்தானே செய்யும்? கூட்டத்துக்குள் போய்விட்டால் பட்டாணி எத்தனையாவதாக மிஞ்சுகிறது என்று யாரும் எண்ணப் போவதில்லை.

நண்டு உன்னுடையது, அதனால் உன் வார்த்தை இல்லாமல் செய்யமாட்டேன். அம்மா பக்கம்தான் நீயும் என்றால் அப்படியே ஆகட்டும், இரண்டு கொண்டுவருகிறேன். ஆனால் அப்போது ஒன்று சொல்ல வேண்டும்: எங்களால் முடியாத நாள் வந்தால் தொட்டியோடு சியாட்டிலுக்கு எடுத்துப் போவாயா? "பார்க்கலாம்பா" என்று சொல்லாதே. ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல். இல்லை என்றால் வருத்தப்படமாட்டேன், பென்சில்வேனியாவுக்குச் சரி என்று எழுதிவிடுவேன்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு வரும்போது நேரில் பேசிக்கொள்வோம். அது மணலுக்குள் போயிருந்தால் தோண்டிப் பார்க்கக் கூடாது, இப்போதே சொல்லிவைக்கிறேன். சங்கு வாங்கி வருவதானால் வாய் வட்டமாக இருக்கிற டர்போ சங்கு, ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் அளவு. வண்ணம் பூசியது வேண்டாம், பெயின்ட் உதிரும். ஒன்று போதாது, மூன்று நான்கு வாங்கு. எது பிடிக்கும் என்று அது மட்டும்தான் சொல்ல முடியும்.

அன்புடன்,
அப்பா