42 நிமிடங்களில் படிக்கப்பட்ட 112 பக்கங்கள்: காப்பீட்டு நிறுவனத்தின் மறுஆய்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கிளெய்ம் மறுஆய்வுக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் பெயரை இம்மடலில் நான் எழுதவில்லை. பாலிசி எண்ணும் கோப்பு எண்ணும் தனியே அனுப்பிய மின்னஞ்சலில் இருக்கின்றன. நீங்கள் எனக்கு அனுப்பிய மறுப்பைப் போலவே ஏறத்தாழ அதே வாசகத்தில் வேறு நிறுவனங்களிடமிருந்து கடிதம் பெற்ற, என்னைப் போன்ற லூப்பஸ் (உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் தன் உடலையே தாக்கும் நோய்) நோயாளிகள் இருவரை என் மருத்துவரின் காத்திருப்பு அறையிலேயே சந்தித்தேன் என்பதால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் 11.08 மணிக்கு, எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கான என் முன்அனுமதி விண்ணப்பம் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையிலிருந்து உங்களுக்கு வந்தது. 12 ஆண்டு இரத்தப் பரிசோதனை முடிவுகள், சிறுநீரகத் திசுப் பரிசோதனை அறிக்கை, இடுப்பு எம்.ஆர்.ஐ., என் வாதநோய் மருத்துவர் (ருமட்டாலஜிஸ்ட்) தம் கைப்பட எழுதிய இரண்டு பக்கக் குறிப்பு என எல்லாம் சேர்த்து 112 பக்கங்கள். 11.50க்கு மறுப்பு வந்துவிட்டது. கேஷ்லெஸ் விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதச் சுற்றறிக்கையில் விதித்திருப்பதை அறிவேன். நோயாளி மருத்துவமனை வரவேற்பறையில் காத்துக் கிடக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் வந்த விதி அது. அதைப் பயன்படுத்தி இத்தனை சுறுசுறுப்பாக மறுக்கவும் முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. இந்தக் கோப்பை இறுதியாக மறுப்பதற்கு முன், லூப்பஸ் நோயாளிகளுக்குச் சிகிச்சையளிக்கும் ஒரு வாதநோய் மருத்துவரிடம் அதைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் படித்துவிட்டு வேண்டாம் என்றால் ஏற்றுக்கொள்கிறேன்.

மறுப்புக்கு நீங்கள் காட்டியிருக்கும் காரணம் எனக்குப் புதிதல்ல. உடல்பருமன் அறுவை சிகிச்சையைப் பற்றி 2019இல் ஆணையம் வகுத்த பொது வாசகம்தான் என் பாலிசியிலும் இருக்கிறது. பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறைக் குறியீடு 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் 35ஐத் தொட்டு, உடல்பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய இரத்தக்குழாய் நோய், உறக்கத்தில் கடுமையான மூச்சுத்தடை, கட்டுக்கடங்காத இரண்டாம் வகை நீரிழிவு ஆகியவற்றில் ஒன்று இருக்க வேண்டும். நான் ஒரு கணக்கு ஆசிரியை. என் உயரம் 154 செ.மீ., எடை 90 கிலோ, ஆகவே குறியீடு 37.9. உங்கள் பட்டியலில் உள்ள நான்கு நோய்களும் எனக்கு இல்லை. ஸ்டீராய்டால் ஏறிய சர்க்கரை இருக்கிறது. ஆனால் மாத்திரையைத் தவறாமல் விழுங்கி அதைக் கட்டுக்குள் வைத்திருக்கிறேன். இப்போது யோசித்தால் அதுவே நான் செய்த பிழையோ என்று தோன்றுகிறது. இன்னும் ஐந்து கிலோ ஏற்றிக்கொண்டு வந்தால் 40ஐத் தொட்டுவிடுவேன், பட்டியலில் எந்த நோயும் தேவைப்படாது. அடுத்த முறை நோய் சீறிக்கொண்டு எழுந்து, பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டின் அளவை மருத்துவர் மறுபடி உயர்த்தினால், அந்த ஐந்து கிலோ இரண்டே மாதத்தில் வந்துவிடும். அதுவரை காத்திருக்கச் சொல்கிறீர்களா என்பதை மட்டும் எழுத்தில் தெரிவித்தால் நன்றாக இருக்கும்.

மறுப்புக் கடிதத்தில் "வாழ்க்கைமுறை சார்ந்த உடல்பருமன்" என்றும் ஒரு சொற்றொடர் இருக்கிறது. 2013இல், 24 வயதில், கன்னங்களில் பட்டாம்பூச்சி வடிவத் தடிப்போடும் வீங்கிய விரல் மூட்டுகளோடும் முதன்முதலில் மருத்துவரிடம் போனபோது என் எடை 51 கிலோ. 2016இல் நோய் சிறுநீரகத்தைத் தாக்கியது. மூன்று நாள் தொடர்ந்து நரம்பு வழியாக உயர் அளவு ஸ்டீராய்டு ஏற்றினார்கள். பிறகு நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் மாத்திரையில் தொடங்கி மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைத்தார்கள். சிறுநீரகம் தப்பியது. ஐந்து மாதத்தில் 14 கிலோ ஏறியது, முகம் உருண்டது, உறவினர் வீட்டுத் திருமணங்களில் "நன்றாகப் பூசினாற்போல் இருக்கிறாய்" என்றார்கள். அந்த மருத்துவமனைச் செலவை முழுவதும் தந்தவர்கள் நீங்கள்தான். அதற்கு இன்றும் நன்றியுடையேன். அன்று மருந்துக்குப் பணம் கொடுத்த அதே நிறுவனம், அந்த மருந்து ஏற்றிய எடைக்கு இன்று வாழ்க்கைமுறை என்று பெயர் சூட்டுவதுதான் எனக்கு விளங்கவில்லை.

மறுப்பு வந்த மறுநாள் உங்கள் உதவி எண்ணுக்கு அழைத்தேன். மறுபரிசீலனை வேண்டுமானால் ஆறு மாதம் உணவுக்கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் செய்து பலனளிக்கவில்லை என்பதற்கு ஆதாரம் அனுப்பச் சொன்னார்கள். விதியின் வாசகத்தில் அறுவையற்ற எளிய முறைகள் தோற்றிருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறதே தவிர, ஆறு மாதம் என்றோ ரசீது என்றோ இல்லை. ஆனாலும் அனுப்பினேன். என்ன அனுப்பினேன் என்பதை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

லூப்பஸ்காரர்களுக்கு வெயில் ஆகாது. வெயில் பட்டால் தோல் மட்டும் சிவப்பதில்லை, நோயே கிளம்பிவிடும். திருச்சியில் வெயில் இல்லாத நேரம் என்றால் விடிவதற்கு முன்தான். அதனால் விண்ணப்பிப்பதற்கு முன்பே காலை 4.45க்கு மொட்டை மாடிக்குப் போய் நடந்துவந்தேன். காலை வேளையில் விரல்கள் விறைத்துக் கிடக்கும், கைப்பேசியில் சுற்று எண்ண முடியாது. அம்மா 30 புளியங்கொட்டைகளைக் கழுவிக் காயவைத்து ஒரு ஹார்லிக்ஸ் புட்டியில் போட்டுக் கொடுத்தார். ஒரு சுற்று முடிந்ததும் ஒரு கொட்டையை எடுத்துக் கைப்பிடிச் சுவரில் இருந்த கிண்ணத்தில் போடுவேன். புட்டி காலியானால் அன்றைய நடை முடிந்தது. கீழே வந்து என் மாணவிகளின் பழைய கணக்கு நோட்டு ஒன்றில் தேதி, சுற்று, எடை மூன்றையும் எழுதிவைப்பேன். முதல் எட்டு வாரத்தில் இரண்டரைக் கிலோ குறைந்தது. ஒன்பதாம் வாரத்தில் சுற்று 30 என்பது 22 ஆகிறது, பிறகு 14, பிறகு 9. பதினோராம் வாரம் வியாழக்கிழமைக்கு எதிரே 4 என்று எழுதி, அதற்குக் கீழே "படியில் இறங்க முடியவில்லை" என்று எழுதியிருக்கிறேன். அன்று அம்மாவும் பக்கத்து வீட்டுப் பையனும் சேர்ந்துதான் என்னைக் கீழே இறக்கினார்கள்.

எம்.ஆர்.ஐ. எடுத்ததில் வலது இடுப்பு மூட்டின் பந்துமுனைக்கு இரத்த ஓட்டம் குறைந்து எலும்பு மடியத் தொடங்கியிருப்பது தெரிந்தது. நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு வரக்கூடியதுதான். எலும்பு மருத்துவர் நடையை நிறுத்தச் சொன்னார், அந்த மூட்டில் பாரம் ஏற்றக் கூடாது என்றார், எடை குறைந்தால் மூட்டு மாற்றத்தைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடலாம் என்றார். எடை குறைய நடக்க வேண்டும். நடக்க வேண்டுமானால் எடை குறைய வேண்டும். அந்த நோட்டின் பக்கங்களை நகலெடுத்து, எம்.ஆர்.ஐ. அறிக்கையையும் இணைத்து உங்களுக்கு அனுப்பினேன். அங்கீகரிக்கப்பட்ட உடற்பயிற்சிக் கூடத்தின் ரசீது இணைக்கப்படவில்லை என்று பதில் வந்தது. இடுப்பெலும்பு மடிந்ததற்கு அறிக்கை இருந்தும், எனக்கு உடற்பயிற்சி பலனளிக்கவில்லை என்பது மெய்ப்பிக்கப்படவில்லையாம்.

இந்த அறுவை சிகிச்சையை நான் ஆசைப்பட்டுக் கேட்கிறேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. உள்ளபடி சொன்னால், எனக்கு இன்னும் அரை மனம்தான். ஸ்லீவ் எனப்படும் முறையில் இரைப்பையின் ஏறத்தாழ 80 விழுக்காட்டை வெட்டி எடுத்துவிடுவார்கள். வெட்டியது திரும்ப வராது. ஸ்டீராய்டு எடுக்கும் உடலில் தையல் ஆறுவது மெல்ல நடக்கும், கசிவும் தொற்றும் வரக்கூடும் என்று அறுவை மருத்துவர் மறைக்காமல் சொன்னார். இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸ் முறை எனக்கு வேண்டாம் என்பதற்கும் காரணம் சொன்னார்: குடலை இணைக்கும் இடத்தில் புண் வரும் அபாயம் ஸ்டீராய்டாலும் வலி மாத்திரைகளாலும் கூடும், லூப்பஸ் மருந்துகள் உடலில் சேருவதும் மாறக்கூடும். வாதநோய் மருத்துவரோ, ஆறு மாதமாவது நோய் அடங்கியிருக்க வேண்டும், பிரெட்னிசலோன் முடிந்தவரை குறைந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். இப்போது நாளொன்றுக்கு 5 மில்லிகிராமில் இருக்கிறேன். இரத்தம் உறையவைக்கும் எதிர்ப்புப்பொருள்கள் இருக்கின்றனவா என்று 12 வார இடைவெளியில் இரண்டு முறை பார்த்தார், இரண்டு முறையும் இல்லை என்று வந்தது. அதன் பிறகும், என்னைப் போன்றவர்களைப் பற்றிய ஆய்வுகள் சிறியவை, உறுதி எதுவும் தர முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் கையெழுத்திட்டார். 2024இல் சென்னையில் எடைக்குறைப்பு அறுவைக்குப் போன ஓர் இளைஞர் உயிரிழந்த செய்தியை அம்மா இன்னும் மறக்கவில்லை. இரவில் திடீரென்று எழுந்து "வேண்டாமே" என்பார்.

இதை மறுப்பதற்கு நேர்மையான மருத்துவக் காரணங்கள் இத்தனை இருக்கின்றன. உங்கள் கடிதத்தில் இவற்றுள் ஒன்றுகூட இல்லை. படித்தவர் எழுதிய மறுப்பாக இருந்திருந்தால் இரண்டாவது பத்தியிலேயே ஸ்டீராய்டு என்ற சொல் வந்திருக்கும். அதனால்தான் திரும்பவும் கேட்கிறேன்: ஒரு வாதநோய் மருத்துவர் படிக்கட்டும்.

உங்கள் பட்டியலில் உள்ள 40, 35 என்ற எண்கள் 1991இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய மாநாட்டில் சொல்லப்பட்டவை. 2022இல் அமெரிக்க எடைக்குறைப்பு அறுவை மருத்துவர்களின் சங்கமும் அத்துறையின் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்து அவற்றை மாற்றிவிட்டன. குறியீடு 35 இருந்தாலே துணைநோய் இல்லாமலும் பரிந்துரைக்கலாம் என்றன. ஆசிய உடல்வாகு உள்ளவர்களுக்குக் குறைந்த எடையிலேயே கேடு தொடங்கிவிடுவதால் 27.5 முதலே அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசலாம் என்றும் சொல்லின. எடை குறைக்கும் ஊசி போட்டால் போதாதா என்று உங்கள் உதவி எண்ணில் பேசியவர் கேட்டார். 2025 மார்ச்சில் இங்கே விற்பனைக்கு வந்த மவுஞ்சாரோ என்னும் அத்தகைய ஊசிமருந்தின் 5 மில்லிகிராம் குப்பி ஒன்று 4,375 ரூபாய் என்று அறிவித்தார்கள். வாரம் ஒரு குப்பி. அதற்கு நீங்கள் பணம் தருவீர்களா என்று திருப்பிக் கேட்டேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

சொல்லக்கூடாது என்று நினைத்தேன், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மே 10, உலக லூப்பஸ் நாளன்று உங்களிடமிருந்து ஊதா நிறப் பட்டாம்பூச்சி போட்ட குறுஞ்செய்தி ஒன்று வந்தது. தினமும் பத்தாயிரம் அடி நடந்தால் பிரீமியத்தில் சலுகை என்று அதே வாரத்தில் இன்னொன்று. 2020 மார்ச்சில், கொரோனாவுக்குக் கேட்கும் என்று யாரோ சொன்னதை நம்பி ஊரே ஹைட்ராக்சி குளோரோகுயினை வாங்கிப் பதுக்க, தினமும் அதைச் சாப்பிட்டாக வேண்டிய நாங்கள் மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்தோமே, அப்போது ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தால் உதவியாக இருந்திருக்கும். அந்தப் பட்டாம்பூச்சியை உங்களுக்கு வரைந்து கொடுத்தவருக்கு அது எங்கள் முகத்துத் தடிப்பு என்பது தெரியுமா என்றும் தெரியவில்லை.

மன்னிக்க வேண்டும், விஷயத்துக்கு வருகிறேன். மூன்று உறுப்பினர் கொண்ட மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கிளெய்மையும் நிராகரிக்கக் கூடாது என்று அதே 2024 சுற்றறிக்கை சொல்கிறது. அந்த மூவராகிய உங்களைத்தான் இம்மடல் தேடி வருகிறது. எனக்காக விதியை மாற்றுங்கள் என்று கேட்கவில்லை, அது ஆணையத்தின் வேலை. விதியில் உள்ள பட்டியலை என் கோப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இந்த நோயை அறிந்த ஒருவரை அமர்த்துங்கள் என்றுதான் பணிவுடன் கேட்கிறேன். அவர் என்னிடம் நேரில் கேள்வி கேட்க விரும்பினால் எந்த ஊருக்கும் வருகிறேன். மாலை 6 மணிக்கு மேல் வரச் சொன்னால், வெயிலை உத்தேசித்து, மிகவும் நன்றியுடையேன்.

என் அப்பா 2009இல் எடுத்த பாலிசி இது. 16 ஆண்டுகளாக ஒரு தவணையும் தவறவில்லை. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகும் வழி எனக்குத் தெரியும், அதற்கான படிவத்தையும் நிரப்பி வைத்திருக்கிறேன். உங்கள் பதிலைப் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று மேசை இழுப்பறையில் கிடக்கிறது. நோய் அடங்கியிருக்கும் இந்த இடைவெளி எத்தனை நாள் நீடிக்கும் என்று என் மருத்துவராலும் சொல்ல முடியவில்லை. அறுவை மருத்துவர் அடுத்த மாதம் 19ஆம் தேதி வரை எனக்காக இடம் வைத்திருக்கிறார். அதற்குள் வாதநோய் மருத்துவர் ஒருவரின் கையெழுத்தோடு உங்கள் முடிவு, சம்மதமோ மறுப்போ, எனக்குக் கிடைக்குமாறு ஆவன செய்ய வேண்டுகிறேன். நோட்டின் மூலப்படி வேண்டுமென்றால் அதையும் பதிவுத் தபாலில் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பாலிசிதாரர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி