கோழிச் சோற்றில் வளர்ந்த பார்க்

கிருஷ்ணகிரி

அன்புள்ள கண்ணு,

நலம். அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு நாட்ஸ் பெரி ஃபார்முக்குப் போகப்போவதாகச் சொன்னாய் அல்லவா, அன்றிலிருந்து அந்த இடத்தைப் பற்றித் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவில், கலிபோர்னியாவில், ஒரு விவசாயக் குடும்பம் கட்டிய பொழுதுபோக்குப் பார்க் அது. போவதற்கு முன் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வால்டர் நாட் 1920-இல் பியூனா பார்க் என்கிற ஊரில் 20 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து பெரிப் பழம் போட்டார். சாலையோரத்தில் கடை வைத்துப் பழத்தையும் ஜாமையும் விற்றார்கள். பக்கத்து ஊரில் பாய்சன் என்பவர் ஒரு கலப்புச் செடி உருவாக்கிவிட்டுக் கவனிக்காமல் விட்டிருந்தார். வாடிக் கிடந்த அந்தச் செடிகளை வாங்கிவந்து பிழைக்க வைத்தவர் வால்டர். பழத்துக்குப் பாய்சன்பெரி என்று அவர் பெயரையே வைத்தார். இதைப் படித்துக் காட்டியதும் அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொரு முறை படிக்கச் சொன்னார். சந்தூரில் ஒட்டுக்கன்று கட்டிக் கை காய்த்தவர், சாகக் கிடக்கும் செடியைத் தேற்றுவது என்ன பாடு என்று அவருக்குத் தெரியும்.

என் மனசில் நிற்பவர் கார்டீலியா, வால்டரின் மனைவி. உலகமே பணமில்லாமல் திண்டாடிய 1934-இல், தன் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகளை எடுத்துவைத்து, எட்டுப் பேருக்குப் பொரித்த கோழியோடு சாப்பாடு போட்டார். ஒரு சாப்பாடு 65 சென்ட். கல்யாணத் தட்டை வெளியாளுக்கு எடுத்துக்கொடுக்க எவ்வளவு மனசு வேண்டும், யோசித்துப் பார். ருசி ஊரெல்லாம் பரவி, சில வருஷத்தில் சாப்பிட வந்தவர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள்.

இங்கேதான் கதையே இருக்கிறது. நிற்கிற சனம் சும்மா நிற்க வேண்டாமே என்று வால்டர் 1940-இல் ஒரு பழைய ஊரையே கட்ட ஆரம்பித்தார். அவருடைய பாட்டி, கைக்குழந்தையாக இருந்த அவர் அம்மாவோடு கூண்டு வண்டியில் பாலைவனத்தைக் கடந்து கலிபோர்னியா வந்தவராம். அந்தக் காலத்து ஊர்களில் பாழாகிக் கிடந்த வீடுகளைப் பெயர்த்துக்கொண்டுவந்து நிறுத்தினார். அதுதான் கோஸ்ட் டவுன், ஆள் இல்லாத பேய் ஊர் என்று அர்த்தம். நீ முதலில் அங்கேதான் போக வேண்டும். கொல்லன் பட்டறை, குதிரை வண்டி, நீராவி ரயில் எல்லாம் உண்டு. தங்கம் அலசும் இடத்தில் பாப்பா கையில் தட்டைக் கொடுத்துவிடு. மணலோடு தண்ணீரை மொண்டு, தட்டைச் சாய்த்து மெதுவாகச் சுழற்றினால் மணல் போய்விடும், கனமான தங்கத்தூள் அடியில் தங்கும். அரிசியில் கல் அரிக்கிற அதே கைப்பக்குவம்தான், அவளுக்குச் சொல்லிக்கொடு.

சுரங்க ரயில் 1960-இல் வந்தது, மரக்கட்டைப் படகில் சறுக்கும் சவாரி 1969-இல். இரண்டும் இன்றும் ஓடுகின்றன. மெக்ஸிகோ பாணியில் ஃபியஸ்டா வில்லேஜ் 1969-இல் வந்தது. ஸ்னூப்பி என்கிற கார்ட்டூன் நாய் பெயரில் சின்னப் பிள்ளைகளுக்கான கேம்ப் ஸ்னூப்பி 1983-இல். பாப்பா அதைவிட்டு வரமாட்டாள் பார். தலைகீழாகச் சுற்றும் ரோலர் கோஸ்டர் உன் தம்பிக்குத்தான் பிடிக்கும், எனக்குப் படிக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது. 1968 வரைக்கும் உள்ளே போக டிக்கெட்டே கிடையாதாம், அதற்கப்புறம்தான் வேலி போட்டார்கள். 1997-இல் குடும்பம் விற்றுவிட்டது. ஆனால் கோழிச் சாப்பாட்டுக் கடை இன்னும் கார்டீலியா பெயரில் கேட்டுக்கு வெளியே இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், நம் ஊரில் மாம்பழச் சீசனில் கூழ்த் தொழிற்சாலை வாசலில் டிராக்டர்கள் விடிய விடிய நிற்பது உனக்குத் தெரியும். தோத்தாபுரி மூட்டை மேலேயே ஆட்கள் படுத்துத் தூங்குவார்கள். குடிக்கத் தண்ணீர், உட்கார ஒரு நிழல் கிடையாது. காத்திருக்கிறவனும் நம் விருந்தாளிதான் என்று கார்டீலியா அம்மாவுக்கும் வால்டர் ஐயாவுக்கும் தோன்றியிருக்கிறது. மாங்கனிக் கண்காட்சி வந்தால் ஒரு மாசம் ராட்டினமும் கூட்டமுமாக ஊரே களைகட்டுகிறது. மற்ற நாளில் பழத்தோட்டத்தை யார் பார்க்கிறார்கள்?

ரோட்டோரப் புளியமரத்தடியில் பெஞ்சு போட்டு, வரும் சீசனில் மதியச் சாப்பாடு கொடுக்கலாம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். களியும் நாட்டுக்கோழிக் குழம்பும்தான். சரி என்றுவிட்டார், தகரக் கொட்டகைக்கு விலை விசாரிக்கவும் போய்விட்டு வந்தார்.

நீ அந்தக் கோழிச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்து, முதலில் என்ன வைக்கிறார்கள், கடைசியில் என்ன வைக்கிறார்கள், கூட்டத்தை எப்படி உட்கார வைக்கிறார்கள் என்று விவரமாக எழுது. படமும் எடுத்து அனுப்பு. பாய்சன்பெரி ஜாம் ஒரு பாட்டில் வாங்கி வை, ஊருக்கு வரும்போது கொண்டுவா. அப்பா ருசி பார்க்க வேண்டும் என்கிறார்.

பாப்பாவுக்கு முத்தம்.

அன்புடன்,
அம்மா