திருவிழாக் கடைப் பொம்மைகளை யார் சோதிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், இறக்குமதி ஆனவற்றுக்கும்தான். ஆனால் திருவிழாக் கடைகளில் போய்ப் பாருங்கள், முத்திரையும் இல்லை, தயாரித்தவர் பெயரும் இல்லை, விளக்கு எரியும் பொம்மையின் பேட்டரி மூடிக்கு ஒரு திருகாணிகூடக் கிடையாது, நகத்தால் நெம்பினாலே திறந்துகொள்கிறது. உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் திசுவே வெந்துபோகலாம். இதைவிட என்ன அவசரம் வேண்டும்?

முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை, அந்த முத்திரையைத் தரும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் அசலா போலியா என்று தெரியும். சரி, எண்ணே இல்லாத பொருளுக்கு?

ஐரோப்பிய ஒன்றியம் ஆபத்தான பொருள்களின் பட்டியலைப் படத்தோடு இணையத்தில் வெளியிடுகிறது. அங்கே தடுக்கப்பட்ட சரக்கு வேறு பெட்டியில் இங்கே வந்து இறங்கினால் யார் பிடிப்பது? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பொருள்களைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு இருக்கிறது. அதுவும் அப்படியொரு பட்டியலைத் தமிழிலும் வெளியிடட்டும். அப்புறம், தெருவோர வியாபாரியை மட்டும் விரட்டாமல், கன்டெய்னரில் கொண்டுவந்து இறக்குபவரையும் ஆன்லைனில் விற்க இடம் தருபவரையும் முதலில் பிடியுங்கள்.

- ஒரு வாசகர், மதுரை