ஓட்டோ கியர் ஒயிலை வீட்டிலேயே மாற்றலாம்: கவனிக்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, 2025 தொடக்கத்தில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்தது. விலை இன்னும் கைக்கெட்டவில்லை. எனவே நம் வீதிகளில் ஓடுபவை பெரும்பாலும் பழைய ஜப்பான் கார்களே, அவற்றில் மிகப் பல ஓட்டோ கியர். எஞ்சின் ஒயிலைத் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட கியர் பொக்ஸ் ஒயிலைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ‘அது ஆயுள் முழுக்கத் தாங்கும்’ என்று யாரோ சொன்னதை நம்பி விட்டுவிடுகிறார்கள். ஒயிலையும் பில்டரையும் மாற்ற ஆகும் செலவு, பழுதான கியர் பொக்ஸைத் திருத்தும் செலவில் மிகச் சிறு பங்கு. அதிலும் கூலியை மிச்சம் பிடிக்கலாம், ஸ்பனர் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை இது. அரைகுறையாகச் செய்தால் நல்ல பெட்டியும் கெடும் என்பதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நான் சொல்வது கொரோலா 121 போன்ற, ரோர்க் கொன்வேட்டரும் (எஞ்சின் விசையை ஒயில் வழியே கியருக்குக் கடத்தும் பாகம்) ஒயில் பார்க்கும் கம்பியும் உள்ள நான்கு கியர் பெட்டிகளுக்கு. சுசுகி வாகன் ஆர், ஹொண்டா ஃபிட் போன்றவற்றில் வரும் சி.வி.ரி. பெட்டிகளுக்கு (தனித்தனிக் கியர் இல்லாமல் உலோகப் பட்டியும் கப்பிகளும் கொண்டு இயங்குபவை) ஒயிலே வேறு. சுசுகிக்கு கிரீன் 2, ஹொண்டாவுக்கு எச்.சி.எஃப்-2, நிசானுக்கு என்.எஸ்-3 என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும், ஆண்டுக்கும் மாறும். சாதாரண ஓட்டோ ஒயிலை சி.வி.ரி. பெட்டியில் ஊற்றினால் உலோகப் பட்டி வழுக்கி, கப்பியைத் தேய்த்துவிடும். வெசல் ஹைபிரிட்டின் இரட்டைக் கிளச் பெட்டியில் வீட்டில் கை வைக்கவே கூடாது. கம்பியே இல்லாத பெட்டிகளில் ஒயிலை ஏறக்குறைய 40 பாகை செல்சியஸில் வைத்து, வழியும் துளையால் அளவு பார்க்க வேண்டும். அதற்கு ஸ்கேனர் தேவை, ஆகவே அதுவும் கராஜ் வேலை.

முதலில் ஒயில். இரண்டாயிரங்களின் தொடக்கத்து டொயோட்டாக்கள் பலவற்றுக்கு ரைப் ரி-4 (தகரத்தில் நான்கு உரோம எண்ணில் இருக்கும்), பிந்தியவற்றுக்கு டபிள்யூ.எஸ். பல கார்களில் கம்பியின் மேலேயே பெயர் பொறித்திருக்கும். அதைப் படித்துவிட்டு கடைக்குப் போங்கள். டபிள்யூ.எஸ். மிக மெல்லியது. ரி-4 கேட்கும் பெட்டியில் அதை ஊற்றக்கூடாது, ஒன்றோடொன்று கலக்கவும் கூடாது. பீப்பாயிலிருந்து இறக்கி விற்கும் ஒயிலை எவ்வளவு மலிவென்றாலும் வாங்காதீர்கள். கூலியில் மிச்சம் பிடிக்கலாம், ஒயிலில் பிடிக்கக்கூடாது.

முழுப் பெட்டிக்கும் ஏறக்குறைய 7 லீற்றர் பிடிக்கும். ஆனால் ‘பான்’ எனப்படும், பெட்டியின் அடியிலுள்ள ஒயில் தட்டைக் கழற்றினால் வருவது இரண்டரை முதல் மூன்று லீற்றர்தான். மீதி ரோர்க் கொன்வேட்டருக்குள்ளும் குழாய்களுக்குள்ளும் நின்றுவிடும். ஒருமுறை மாற்றினால் ஏறத்தாழ 40 வீதம் புதிதாகும், இரண்டாம் முறை 64, மூன்றாம் முறை 78. ஆகவே பில்டரோடு ஒருமுறை செய்துவிட்டு, சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் வடிதிருகை மட்டும் திறந்து இன்னும் இருமுறை மாற்றுவதே நல்லது. மெசின் வைத்து அழுத்தி முழுவதையும் ஒரேயடியாகக் கழுவுவதை, ஒயில் மாற்றாமல் நெடுங்காலம் ஓடிய பெட்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். படிந்திருந்த அழுக்கு கிளம்பி வால்வுகளில் போய் அடைக்கக்கூடும்.

தொடங்குமுன் பழைய ஒயிலைப் பாருங்கள். வெள்ளைத் தாளில் ஒரு துளி விடுங்கள். சிவப்போ இளம் பழுப்போ என்றால் மாற்றலாம். கறுத்து, கருகிய மணம் வந்து, கியர் ஏற்கெனவே வழுக்குகிறது என்றால் விட்டுவிடுங்கள். ‘ஒயில் மாற்றினதும் கியர் பொக்ஸ் போச்சு’ என்ற கதைகள் இங்கேதான் பிறக்கின்றன. கிளச் தட்டுகள் தேய்ந்து முடிந்த பெட்டியைப் புது ஒயில் காப்பாற்றாது, பழி மட்டும் ஒயில் மேல் விழும். ஸ்ட்ரோபரி பால் போலக் கலங்கி இருந்தால், ரேடியேற்றருக்குள் இருக்கும் ஒயில் குளிர்விப்பான் உடைந்து தண்ணீர் கலந்திருக்கிறது. அந்தக் காரை மேலும் ஓட்டாதீர்கள்.

பத்து நிமிடம் ஓட்டி ஒயிலை இளஞ்சூடாக்குங்கள். கொதிக்கும் சூடு வேண்டாம், கை வெந்துவிடும். கார் சமதளத்தில் நிற்க வேண்டும். மணல் முற்றத்தில் ஜக்கும் ஸ்ராண்டும் புதையும், அடியில் தடித்த பலகை வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்குக் கீழே படுக்காதீர்கள்.

இங்கே ஒரு பெரிய தவறு நடக்கும். எஞ்சின் ஒயில் திருகைக் கழற்றிவிட்டு, கியர் பொக்ஸ் என நினைத்து மேலே புது ஒயில் ஊற்றுவார்கள். எஞ்சின் காய்ந்துபோகும், கியர் பொக்ஸ் நிரம்பி வழியும். கொரோலாவில் பற்றரி இருக்கும் பக்கத்தில் உள்ளதே கியர் பொக்ஸ். பழைய டொயோட்டா பெட்டிகள் பலவற்றில் திருகுக்கு 10 மில்லிமீற்றர் அலன் சாவி வேண்டும். வடித்த ஒயிலை அளவுப் பாத்திரத்தில் பிடியுங்கள். எவ்வளவு வந்ததோ அவ்வளவுதான் திரும்பிப் போக வேண்டும். பானைச் சுற்றியுள்ள 10 மில்லிமீற்றர் போல்ட்களை ஒரு பக்கத்தில் முதலில் தளர்த்துங்கள். பான் சரிந்து மிச்ச ஒயில் ஒரே மூலையால் வழியும், முகத்தில் கொட்டாது.

பானுக்குள் இருக்கும் காந்தங்கள்தான் உங்கள் பெட்டியின் மருத்துவ அறிக்கை. விரலில் வழுவழுப்பாக ஒட்டும் சாம்பல் நிறப் பசை இயல்பான தேய்மானம், பயப்பட வேண்டாம். விரலில் குத்தும் மினுங்கும் இரும்புத் துண்டுகள், பித்தளை நிறச் செதில்கள், நிறையக் கறுப்புத் துகள்கள் என்றால் உள்ளே பாகம் தேய்கிறது. காந்தங்களைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வையுங்கள். வேஸ்ற் துணி பாவிக்காதீர்கள். அதன் ஒரு நூலிழை வால்வுக்குள் போனாலே கியர் மாறுவதில் தடங்கல் வரும். பிரேக் கிளீனரும் காற்றும் போதும்.

பில்டரைப் பிடிக்கும் போல்ட்களின் நீளம் வேறுபடலாம், எது எங்கே இருந்தது என்று ஒரு அட்டையில் குத்தி வையுங்கள். பில்டரின் பழைய ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் வளையம்) மேலே துளைக்குள் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை எடுக்காமல் புதியதை மாட்டினால் சரியாக அமராது, பம்ப் ஒயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். ‘டி’ போட்டுச் சில வினாடிகள் கழித்தே கார் நகர்வதற்கு இது ஒரு காரணம். நாரிழைப் பில்டரைப் பெற்றோலில் கழுவித் திரும்பப் போடுவது சிக்கனமல்ல, புதியது வாங்குங்கள்.

பானுக்கும் பெட்டிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் பழைய கஸ்கெட்டைப் பிளாஸ்ரிக் சுரண்டியால் எடுங்கள், அலுமினியத்தில் கீறல் விழக்கூடாது. பானின் விளிம்பு போல்ட் துளைகளில் குழிந்திருந்தால் மரக்கட்டையில் வைத்து மெதுவாகத் தட்டி நேராக்குங்கள். புதுக் கஸ்கெட் கேட்காத இடத்தில் சிலிக்கன் பூசாதீர்கள். உள்ளே பிதுங்கியது அறுந்து புது பில்டரில் போய் நிற்கும். இறுக்கும்போதுதான் பெரும்பாலானவர்கள் கெடுக்கிறார்கள். இந்தச் சிறிய போல்ட்களுக்குப் பல டொயோட்டா பெட்டிகளில் இறுக்கும் முறுக்குவிசை 5 முதல் 8 நியூட்டன் மீற்றர் மட்டுமே, உங்கள் பெட்டிக்குரியதைக் கையேட்டில் பாருங்கள். அதற்குமேல் போனால் அலுமினியத்தில் மரை உரிந்துவிடும். குறுக்கு மறுக்காக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். வடிதிருகுக்குப் புது வொசர் போடுங்கள்.

நீண்ட புனலை ஒயில் கம்பிக் குழாயில் செருகி, வடித்த அளவைவிட அரை லீற்றர் குறைவாக ஊற்றுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி ‘பி’ முதல் ‘எல்’ வரை ஒவ்வொன்றிலும் மூன்று வினாடி நிறுத்தித் திரும்ப ‘பி’க்கு வாருங்கள். எஞ்சின் ஓடும்போதே கம்பியைப் பாருங்கள். குளிர் அடையாளம் தற்காலிகம்தான். இருபது கிலோமீற்றர் ஓடி, ஒயில் 70 முதல் 80 பாகைக்கு வந்தபின் சூட்டு அடையாளத்தில் பார்ப்பதே சரியான அளவு. இப்போதுதான் ஊற்றியதால் குழாய் நனைந்திருக்கும், கம்பியின் இரு பக்கத்திலும் தாழ்ந்து காட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தால் நூறு மில்லிலீற்றராகச் சேருங்கள். கூடினால் சுழலும் பாகங்கள் ஒயிலை அடித்து நுரையாக்கும், நுரையில் அழுத்தம் நிற்காது, கிளச் வழுக்கிச் சூடேறும். ஹப்புத்தளை ஏற்றத்திலோ கொழும்பு நெரிசலிலோ இது தெரியும்.

இனி பழைய ஒயில். யாழ் குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கல். ஊற்றியது விரைவிலேயே கிணற்றுத் தண்ணீரைச் சேரும். சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவு ஒயில் கலந்து மக்கள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. பழைய ஒயிலைப் போத்தல்களில் அடைத்து, கழிவு ஒயில் சேர்க்கும் கராஜ் ஒன்றிடம் கொடுங்கள், வடிகாலிலோ வேலியடியிலோ ஊற்றாதீர்கள். சில லீற்றருக்காக கராஜ் வரை போக மனமில்லாதவர்கள் இருக்கிறார்கள். ஆகவே பிரதேச சபைகள் சந்தைகளுக்கு அருகே மூடியுள்ள பீப்பாய் ஒன்றை வைத்து, மாதமொருமுறை எடுத்துச் செல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். உதிரிப்பாகக் கடைக்காரர்களும் ஓட்டோ ஒயிலை முத்திரையிட்ட தகரத்தில், வகை தெளிவாகத் தெரியும்படி மட்டும் விற்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாகனத் திருத்துநர் ஒருவர்,
மானிப்பாய்.