ஒரு சூட்டில் ஓர் ஆணி

அன்புள்ள ரகு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். முழங்கால் வலியைப் பற்றி மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டாய். டாக்டர் என்ன சொன்னார் என்று அடுத்த கடிதத்தில் ஒழுங்காக எழுது. மீதி இரண்டு பக்கமும் ஆணிதான்! பழைய கதவிலிருந்து பிடுங்கிய ஆணிகளைப் பார்த்துவிட்டு, "கையால் ஆணி செய்த காலம் எவ்வளவு அழகானது, இயந்திரம் வந்து கெடுத்துவிட்டது" என்று எழுதியிருக்கிறாய். அதில் பாதிக்குத்தான் என்னால் தலையாட்ட முடியும். மற்றப் பாதிக்குச் சண்டை போடப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நீ கேட்டபடி முதலில் கொல்லர் பட்டறை விஷயம். விடுமுறை கிடைத்தால் அங்கே போய் நிற்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஆணி செய்யப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். உலை, துருத்தி, பட்டடை (இரும்பை வைத்து அடிக்கும் இரும்புக் கட்டை), கைச்சுத்தியல், பட்டடையின் ஓட்டையில் செருகி நிற்கும் ஒரு வெட்டுளி, அப்புறம் ஆணி அச்சு. அச்சு என்றால் ஏதோ என்று நினைக்காதே, துளை போட்ட ஓர் இரும்புப் பட்டை, அவ்வளவுதான். ஆனால் அந்தத் துளை மேலே குறுகலாகவும் கீழே போகப் போக அகலமாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே போன ஆணி வெளியே வராது. ஆறு மில்லிமீட்டர் சதுரக் கம்பியை நீளமாகவே வைத்துக்கொண்டு வேலை செய்வார்கள். சூடு மறுமுனைக்கு வந்து சேராது, அதனால் குறடு இல்லாமல் கையாலேயே பிடிக்கலாம்.

கம்பியின் நுனி ஆரஞ்சு நிறம் தாண்டி மஞ்சளைத் தொடும்போது எடுக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் நுனியிலிருந்து மத்தாப்பு மாதிரி பொறி பறக்கும். இரும்பே எரிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், அந்தத் துண்டை வெட்டி எறிய வேண்டியதுதான். வெளியே எடுத்தபிறகு நேரமே கிடையாது. அவ்வளவு மெல்லிய கம்பி காற்றிலேயே ஆறிவிடும், பட்டடையின் குளிர்ந்த முகத்தில் பட்டால் இன்னும் சீக்கிரம் ஆறும். ஓர் அடி, கால்வட்டத் திருப்பு, அடுத்த அடி, மறுபடி பழைய பக்கம். சுத்தியல் படுவது இரண்டு பக்கத்தில்தான், எதிர்ப்பக்கம் இரண்டையும் பட்டடை பார்த்துக்கொள்கிறது. திருப்பு கொஞ்சம் முன்பின் ஆனால் சதுரம் கோணிக்கொள்ளும். உடனே மூலையில் ஒரு தட்டுத் தட்டி நிமிர்த்த வேண்டும்.

கூர் வந்ததும் பட்டடையின் விளிம்புக்குக் கொண்டுபோய், சுத்தியலின் முகம் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்கும்படி ஓர் அடி. கம்பியில் படிக்கட்டு மாதிரி ஒரு படி விழும். ஆணி அச்சுக்குள் முழுக்க இறங்கிவிடாமல் தாங்கப் போவது அந்தப் படிதான். அதற்கு மேலே ஒரு சென்டிமீட்டர் போலத் தலைக்கு விட்டு, வெட்டுளியின் மேல் வைத்து வெட்ட வேண்டும். முழுக்க வெட்டிவிடக் கூடாது. கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே அச்சில் நுழைத்து, கம்பியை ஒரு முறுக்கு முறுக்கினால் ஒடிந்து வந்துவிடும். ஆணி அச்சில் தனியாக நிற்கும். நேராக ஓர் அடி, பிறகு நான்கு பக்கமும் சாய்த்துச் சாய்த்து நான்கு அடி. நான்கு பட்டை போட்ட தலை வந்துவிட்டது. அச்சைக் கவிழ்த்துத் தட்டினால் ஆணி விழும். ஆறும்போது இரும்பு சுருங்குவதால் தானாகவே தளர்ந்துகொள்ளும். சில சமயம் அடம் பிடிக்கும். அச்சோடு தண்ணீரில் முக்கினால் சரியாகிவிடும்.

இது அத்தனையும் ஒரே சூட்டில் முடிய வேண்டும். முறுக்கி ஒடித்தபிறகு ஆணி ஆறிவிட்டால், அந்தச் சின்னத் துண்டைக் குறட்டால் பிடித்து மறுபடி உலையில் வைப்பது பெரிய தலைவலி. கரிக்குள் விழுந்துவிட்டால் தேடி எடுப்பதற்குள் எரிந்தே போயிருக்கும். எனக்குச் சொல்லிக்கொடுக்கும் கொல்லரைப் பக்கத்திலிருந்து கவனித்தேன். அவருடைய அடி என்னுடையதைவிடப் பலமானதில்லை, எண்ணிக்கைதான் குறைவு. கை எதையும் தேடுவதில்லை. அச்சு எங்கே இருக்கிறது என்று கண் போய்ப் பார்ப்பதில்லை. சுத்தியலைக் கீழே வைப்பதே இல்லை. உலையில் எப்போதும் இரண்டு மூன்று கம்பி காய்ந்துகொண்டிருக்கும். ஒன்று ஆணியாகி முடியும் நேரத்தில் அடுத்தது நிறத்துக்கு வந்திருக்கும். பட்டறையில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்பதே அந்தச் சில நொடிகளுக்காகத் தீர்மானமானதுதான்.

சரி, உன் கதவு ஆணிகளுக்கு வருகிறேன். விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டிப் பார். நான்கு பக்கமும் நுனியை நோக்கிக் குறுகினால் உலையில் அடித்தது. இரண்டு பக்கம் மட்டும் குறுகி, மற்ற இரண்டும் ஒரே தடிமனில் ஓடினால், தகட்டிலிருந்து இயந்திரம் வெட்டியது. அப்படி வெட்டும் இயந்திரங்கள் அமெரிக்காவில் 1790-களில் பரவின. ஜேக்கப் பெர்கின்ஸ் 1795-ல் காப்புரிமை வாங்கினார். நாம் இன்று பார்க்கும் உருண்டைக் கம்பி ஆணி 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் மற்ற இரண்டையும் ஓரங்கட்டியது. உன் ஆணிகளின் நுனி மரத்துக்குப் பின்னால் மடங்கியிருந்ததாக எழுதியிருக்கிறாய். அது ஆணி கோணிப்போனதல்ல, வேண்டுமென்றே மடக்கியது. பழைய தேனிரும்பு, அதாவது கரி மிகக் குறைந்த இரும்பு, மிருதுவானது, ஒடியாமல் வளையும். பின்பக்கம் வந்த நுனியை மடக்கி மறுபடி மரத்துக்குள் அடித்துவிட்டால் கதவை எத்தனை தரம் அறைந்து சாத்தினாலும் ஆணி பின்வாங்காது. அவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதே.

இனி நம் சண்டை. பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் 1776-ல் எழுதிய புத்தகத்தில் ஆணிக் கணக்கு ஒன்று வருகிறது. ஆணி செய்து பழகாத கொல்லர் ஒரு நாளைக்கு இருநூறு, முந்நூறு ஆணி செய்வார், அதுவும் மட்டமாக. பழக்கமிருந்தும் அதையே முழுநேரத் தொழிலாகக் கொள்ளாதவர் எண்ணூறிலிருந்து ஆயிரம். ஆனால் வேறு தொழிலே அறியாத, இருபது வயதுக்குட்பட்ட பையன்கள் 2,300-க்கு மேல் செய்ததைத் தாமே பார்த்ததாகச் சொல்கிறார். நான் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன். நாளுக்கு 12 மணி நேரம் வேலை என்று வைத்துக்கொண்டால்கூட 19 நொடிக்கு ஓர் ஆணி. இப்போது மேலே நான் எழுதியதை மறுபடி படித்துப் பார். அது முழுவதும் 19 நொடியில், நாள் முழுக்க, வருஷம் முழுக்க.

இங்கிலாந்தில் பிளாக் கன்ட்ரி என்ற பகுதியில் வீட்டுக்குப் பின்னாலிருந்த சின்னக் கொட்டகைகளில் பெண்களும் குழந்தைகளும் சேர்ந்துதான் ஆணி செய்தார்கள். கம்பியை எடை போட்டுக் கொடுத்து ஆணியை எடை போட்டு வாங்கும் தரகர்கள், கூலியைக் காசாகக் கொடுக்காமல் தங்கள் கடைச் சரக்காகக் கொடுத்து அதிலும் ஏமாற்றினார்கள். அமெரிக்காவில், பிறகு ஜனாதிபதியான ஜெஃபர்சன் 1794-ல் மான்டிசெல்லோ என்ற தன் பண்ணையில் ஆணிப் பட்டறை போட்டார். வேலை செய்தவர்கள் அவருக்கு அடிமைகளாக இருந்த பத்திலிருந்து பதினாறு வயதுப் பையன்கள். ஒவ்வொரு பையனுக்கும் கொடுத்த கம்பி எவ்வளவு, திரும்பி வந்த ஆணி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று அவரே கணக்கு எழுதி வைத்திருக்கிறார். நீ சொல்லும் அழகான காலம் இதுதான் ரகு.

ஆணி அன்று விலைமதிப்புள்ள பொருளாக இருந்ததும் இந்த உழைப்பால்தான். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1645-ல் ஒரு சட்டமே போட்டார்கள். இடம் பெயர்ந்து போகிறவர்கள் ஆணிக்காகத் தங்கள் பழைய வீட்டைக் கொளுத்திவிடக் கூடாது; வீட்டில் எத்தனை ஆணி இருக்கும் என்று பொதுவான இரண்டு பேர் மதிப்பிட்டு, அத்தனை ஆணி அவர்களுக்குக் கொடுக்கப்படும். ஸ்காட்லாந்தில் இஞ்ச்டூத்தில் என்ற இடத்தில் ரோமானியப் படை முதல் நூற்றாண்டின் இறுதியில் கோட்டையைக் காலி செய்தபோது, ஏறக்குறைய எட்டேமுக்கால் லட்சம் ஆணிகளைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டுப் போனது. எதிரிகள் கையில் கிடைத்தால் உருக்கி ஆயுதம் ஆக்கிவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம் என்கிறார்கள். 1960-வாக்கில் தோண்டி எடுத்தபோது வெளிச்சுற்று ஆணிகள் துருப்பிடித்து ஓடு கட்டியிருந்தன, உள்ளே இருந்தவை நன்றாக இருந்தன. எனக்கு அந்த எண்ணிக்கைதான் மனதை விட்டுப் போகவில்லை. ஒவ்வொன்றையும் ஒருவர் சூடேற்றி, திருப்பித் திருப்பி அடித்து, தலை தட்டியிருக்கிறார்.

ஆகவே ஆணி மலிவானதில் எனக்கு வருத்தமே கிடையாது. நான் பட்டறையில் நின்று அனுபவிக்கிறேன் என்றால், கை வலித்தால் சுத்தியலை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்ற வசதி எனக்கு இருக்கிறது, அதனால்தான். பழைய கதவு, பழைய படகு பழுதுபார்ப்பவர்கள் இன்றும் கையால் அடித்த ஆணியைக் கேட்டு வருகிறார்கள். அந்த அளவுக்கு வேலை இருந்தால் போதும், அதைத் தெரிந்தவர்கள் நாலு பேர் இருந்தால் போதும் என்பது என் கட்சி. உனக்கு மறுப்பு இருந்தால் எழுது.

நீயும் அடித்துப் பார்க்க ஆசைப்படுகிறாய், தாராளமாக வா. சில விஷயம் மட்டும். பாலியஸ்டர் கலந்த சட்டை போட்டுக்கொண்டு வராதே, பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்திச் சட்டையே போடு. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். மூடிய செருப்பு. வீட்டில் கிடக்கும் வெள்ளைப் பளபளப்புக் கம்பியை, "இதையும் காய்ச்சிப் பார்க்கலாமே" என்று எடுத்து வராதே. அது துத்தநாகப் பூச்சு, உலையில் வைத்தால் வரும் புகை காய்ச்சலில் தள்ளிவிடும். அப்புறம், தரையில் கறுப்பாகக் கிடக்கும் எந்த ஆணியையும் குனிந்து எடுக்காதே. சிவப்பு போனபிறகும் இரும்பு நானூறு டிகிரியில் சும்மா கிடக்கும்.

வரும் தேதியை முன்கூட்டியே எழுதிவிடு, அன்றைக்குப் பட்டறையில் வேறு அவசர வேலை இல்லாதபடி பேசி வைக்கிறேன்.

அன்புடன்,
சேகர்